வெளிநாட்டு விசைப்பலகையை வீசுமுன்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

வெளிநாடுகளில் வாழும் உறவினரும் பழைய மாணவரும் அனுப்புகின்ற பாவித்த கணினிகளோடு வந்து சேரும் ஜேர்மன், பிரெஞ்சு விசைப்பலகைகள் எவருக்கும் உதவாத சுமை என்றும், எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கும் அவற்றை இங்கு அனுப்பாமல் அங்கேயே கழித்துவிட வேண்டும் என்றும் வாசகர் ஒருவர் தங்கள் பத்திரிகையின் கடிதப் பகுதியில் அண்மையில் எழுதியிருந்தார். அவருடைய எரிச்சல் எனக்குப் புரியாததன்று. ஐந்து மாதங்களுக்கு முன்னர் என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் இந்த ஐந்து மாதமும் அத்தகைய ஒரு விசைப்பலகையோடு மல்லுக்கட்டி, அதற்குப் பழகி, இப்போது அதை விட்டுக்கொடுக்க மனமில்லாதவனாகிவிட்ட படியால், அவர் சொன்னவற்றுள் ஒரு பாதியை ஏற்றுக்கொண்டு மறு பாதியை மறுக்க விரும்புகிறேன்.

நான் வெள்ளவத்தையில் வசிக்கும் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளன். புதுக்கடை நீதிமன்றங்களுக்கும் வெளிநாட்டுத் தூதரகங்களுக்கும் செல்ல வேண்டிய பிறப்பு, விவாக, இறப்பு அத்தாட்சிப் பத்திரங்களை மொழிபெயர்ப்பதே என் தொழில்; ஓய்ந்த நேரங்களில் கோயில் மலர்களையும் திருமண அழைப்பிதழ்களையும் அச்சகங்களுக்குப் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து கொடுப்பதும் உண்டு. ஆகவே விசைப்பலகை எனக்கு விளையாட்டுப் பொருளன்று. அதில் ஓரெழுத்துப் பிசகினால் ஒருவருடைய விசா விண்ணப்பம் திரும்பி வந்துவிடும்.

சென்ற ஆண்டின் இறுதியில், ஜேர்மனியின் ஹம் நகரில் வாழும் என் தமையனார் கொழும்புக்கு வந்தபோது, தம் பயணப் பொதியில் இரண்டு கிலோவுக்கு மேல் நிறையுள்ள ஒரு விசைப்பலகையைக் கொண்டுவந்தார். அவர் வேலை பார்த்த இடத்தில் களஞ்சியத்தைத் துப்புரவாக்கியபோது கழித்துப் போட்டவற்றுள் ஒன்று அது. சொக்கலேட்டுக்கு வைத்திருந்த இடத்தை அந்த இரும்பு தின்றுவிட்டதாக அண்ணியார் இன்றும் குறைப்படுகிறார். அடிப்புறத்தில் ஒட்டியிருந்த சீட்டில் ஐ.பி.எம். என்ற பெயரும், 1391403 என்ற பகுதி இலக்கமும், 1989 ஆம் ஆண்டுத் திகதியொன்றும் இருந்தன. ஸ்கொட்லாந்தின் கிரீனொக் நகரில் அந்நிறுவனத்துக்கு இருந்த தொழிற்சாலையில் செய்யப்பட்டது. பழைய கணினிப் பொருட்களில் நாட்டமுள்ளவர்கள் 'மொடல் எம்' என்று பெயர் சொல்லித் தேடும் வகை இதுவே என்பதை நான் பின்னரே அறிந்துகொண்டேன்.

இதன் உள்ளமைப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதை வீசிவிட மனம் வராமைக்கு முதற் காரணம் அதுதான். இன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கும் விசைப்பலகைகளில் விசைகளின் கீழே இறப்பர்க் குமிழ்கள் இருக்கின்றன. அழுத்தினால் அவை நசிந்து போகும், நாளடைவில் சோர்ந்தும் போகும். இதிலோ ஒவ்வொரு விசைக்கு அடியிலும் ஓர் எஃகுச் சுருள்வில் நிற்கிறது. விசையை அழுத்த அழுத்த அவ்வில் இறுகிக்கொண்டே சென்று, ஒரு கட்டத்தில் தாங்கமாட்டாமல் பக்கவாட்டில் வளைந்து மடிகிறது. மடியும் அதே கணத்தில் அதன் அடியிலுள்ள சிறிய பிளாஸ்டிக் நாக்குச் சாய்ந்து, கீழே விரிக்கப்பட்டிருக்கும் மின்படலத்தைத் தட்டுகிறது. காதில் விழும் 'டக்' என்ற ஓசையும், விரலுக்குத் தெரியும் வழுகலும், திரையில் எழுத்து விழுவதும் ஒரே நேரத்தில் நிகழ்வதால், எழுத்துப் பதிந்ததா இல்லையா என்று திரையைப் பார்த்து உறுதிப்படுத்த வேண்டிய தேவையே இல்லை. இந்த வகை 1985 ஆம் ஆண்டளவில் வெளிவந்தது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஒரு நிறுவனம் இன்றும் இதே முறையில் விசைப்பலகைகளைச் செய்து விற்கிறது.

இணைப்பதே முதற் சோதனையாயிற்று. அதன் வடம் ஆறு ஊசிகள் கொண்ட வட்ட முனையில் முடிகிறது. என் மடிக்கணினியிலோ யூ.எஸ்.பி. துளைகள் மட்டுமே உள்ளன. பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்காரர் ஊதா நிறத்தில் பெருவிரல் அளவான ஓர் அடப்டரைத் தந்து, இது எதற்கும் பொருந்தும் என்றார். முனை பொருந்தியது, விசைப்பலகை உயிர் பெறவில்லை. அத்தகைய அடப்டர்கள் கம்பிகளை இடம் மாற்றி இணைப்பவை மட்டுமே என்பதும், இரண்டு முறையிலும் பேசத் தெரிந்த பிற்கால விசைப்பலகைகளுக்கே அவை உதவும் என்பதும், 1989 இன் விசைப்பலகை பேசுவதை யூ.எஸ்.பி. மொழிக்கு மாற்றித் தரும் மின்னணுச் சில்லு உள்ள மாற்றியே தேவை என்பதும் இரண்டு முறை அலைந்த பின்னரே தெரிந்தது. இத்தகைய பழைய விசைப்பலகைகள் இன்றையவற்றைவிடக் கூடிய மின்னை இழுப்பதால், மிக மலிவான மாற்றிகள் சில நடுவில் மயங்கி விழுவதும் உண்டு. பழைய மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பெரும்பாலும் பின்புறத்தில் அந்த வட்டத் துளை இருக்கும்.

இனி எழுத்துகளுக்கு வருகிறேன். ஜேர்மன் விசைப்பலகையில் 'வை' எழுத்தும் 'இசட்' எழுத்தும் ஒன்றின் இடத்தில் மற்றது இருக்கும். அம்மொழியில் இசட் அடிக்கடி வருவது, வை மிக அரிதாக வருவது. ஆகவே இசட்டை நடுவிலும் வையைக் கீழ் மூலையிலும் வைத்தார்கள் என்பர். எல் எழுத்துக்கும் பி எழுத்துக்கும் வலப்புறத்தில், நாம் நிறுத்தற்குறிகளை எதிர்பார்க்கும் இடங்களில், மேலே இரு புள்ளி வைத்த மூன்று உயிரெழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. கட்டளை விசைகளின் பெயர்களும் வேறு: கொன்ட்ரோல் விசையில் எஸ், டி, ஆர், ஜி என்ற நான்கெழுத்தும், அழிக்கும் விசையில் ஈ, என், டி, எஃப் என்பவையும் பொறிக்கப்பட்டுள்ளன. விண்டோஸ் விசை இல்லவே இல்லை. அது 1994 இல் பிறந்த பின்னவன். யூரோக் குறியும் எங்கும் அச்சிடப்படவில்லை, 1989 இல் அப்படியொரு நாணயமே இருக்கவில்லை. ஆனாலும் இன்றைய கணினியில் ஜேர்மன் அமைப்பைத் தெரிவுசெய்து, வலப்பக்க ஆல்ட் விசையோடு ஈ எழுத்தை அழுத்தினால் யூரோக் குறி வந்து விழுகிறது.

இந்தக் கடைசிச் செய்தியே என் கண்ணைத் திறந்தது. விசையின் தலையில் என்ன அச்சிடப்பட்டிருக்கிறது என்பது விசைப்பலகைக்கே தெரியாது. அது கணினிக்கு எழுத்தை அனுப்புவதில்லை. எந்த இடத்திலுள்ள விசை அழுத்தப்பட்டது என்பதற்கான எண்ணை மட்டுமே அனுப்புகிறது. அந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று தீர்மானிப்பது கணினியிலுள்ள மொழியமைப்பு. ஆகவே ஜேர்மன் விசைப்பலகையைச் செருகிவிட்டு, கணினியில் ஆங்கில அமைப்பை வைத்திருந்தால், எழுத்துகள் எல்லாம் நாம் பழகிய இடங்களிலேயே இருக்கும். தலையிலுள்ள அச்சு மாத்திரம் பொய் சொல்லும்.

இதை அறியாமல் முதல் மூன்று வாரமும் நான் ஜேர்மன் அமைப்பையே தெரிவுசெய்து வைத்திருந்தேன். அச்சும் திரையும் ஒத்துப்போக வேண்டும் என்பதே என் எண்ணமாக இருந்தது. அந்த மூன்று வாரத்தில் பட்டவற்றை எழுதினால் தங்கள் பத்திரிகையில் இடம் போதாது. கடவுச்சொல்லில் ஓர் இசட் இருந்ததால் ஒரு வங்கியின் இணையக் கணக்கு மூன்று முயற்சியில் பூட்டப்பட்டது. மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வர வேண்டிய குறி ஜேர்மன் அமைப்பில் கியூ எழுத்தோடு ஒளிந்திருப்பதால், என் கை பழக்கத்தில் ஷிப்டோடு இரண்டை அழுத்த, முகவரிக்கு நடுவே மேற்கோள்குறி விழுந்தது. சாய்கோட்டின் இடத்தில் சிறுகோடு வருவதால், ஒரு வாடிக்கையாளரின் வீட்டிலக்கம் 45/2 என்பது 45-2 ஆகிவிட்டது. கொழும்பில் பாதி முகவரிகளுக்குச் சாய்கோடு உண்டு என்பதை அன்றுதான் கவனித்தேன். நல்ல வேளையாக, ஒப்பமிட்டு முத்திரை குத்துமுன் கண்ணில் பட்டது.

தமிழில் நடந்தது இதைவிடப் பெருங்கூத்து. பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்பவர்களுக்குத் தெரியும், அதில் ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் எழுத்துப் போர்த்தப்பட்டிருக்கிறது: வை என்பது லகரம், இசட் என்பது ணகரம், அரைப்புள்ளியே மெய்யெழுத்தின் புள்ளி. ஜேர்மன் அமைப்பில் வையும் இசட்டும் மாறியதால் லகரமும் ணகரமும் மாறின. 'கணை' என்று தட்டினால் 'கலை'யும், 'கலை' என்று தட்டினால் 'கணை'யும் வருவதைப் பொறுத்துக்கொள்ளலாம்; நான் அன்று தட்டிக்கொண்டிருந்தது உறவினர் ஒருவரின் திருமண அழைப்பிதழ். பின்னால் நின்று வாசித்த என் மனைவி, மணமகன், மணமகள் என்று இருக்க வேண்டிய இடங்களில் விழுந்திருந்த சொற்களைக் கண்டு முதலில் முகம் சுளித்து, பின்னர் சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குப் போய்விட்டார். எந்தச் சொற்கள் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கு விடுகிறேன். புள்ளியின் கதையோ தனிக்கதை. எல் எழுத்துக்கு அடுத்த விசையில் நாம் புள்ளியைத் தேடுவோம். அங்கே இரு புள்ளி வைத்த ஓர் ஓகாரம் இருக்கிறது, நமக்கு வேண்டிய ஒற்றைப் புள்ளி மட்டும் இல்லை. அது ஷிப்டோடு காற்புள்ளி விசைக்குக் குடிபெயர்ந்துவிட்டது; அதாவது பாமினியில் ஈகாரம் இருக்கும் இடத்துக்கு. எனவே புள்ளி கேட்டால் கிடைக்காது, 'ஈசன்' என்று தொடங்கினால் அந்தரத்தில் ஒரு புள்ளி நிற்கும். ஜகரமும் ஸகரமும் இருந்த இடங்களும் பறிபோயின. ஜெயராஜ், ஸ்ரீதரன் என்று பெயர் வைத்தவர்களின் பத்திரங்கள் என் மேசையில் தேங்கத் தொடங்கின.

பிறகுதான் ஆங்கில அமைப்புக்கு மாறினேன். தலையிலுள்ள அச்சைப் பார்க்காமல் தட்டுவது என்று முடிவு செய்த அன்றே தொல்லைகளில் பெரும்பகுதி தீர்ந்தது. ஆயினும் ஒன்று தீரவில்லை, அது எழுத்து வரிசையைப் பற்றியதன்று, உடலமைப்பைப் பற்றியது. அமெரிக்க விசைப்பலகையில் அக்காலத்தில் 101 விசைகள். ஐரோப்பிய விசைப்பலகையில் 102. அந்த மேலதிக விசை இடப்பக்க ஷிப்டைப் பாதியாகக் குறுக்கி, அதற்கும் கீழ் வரிசையின் முதலெழுத்துக்கும் இடையே செருகப்பட்டிருக்கிறது. வலப்பக்கத்தில் என்டர் விசை நெட்டையாக நிமிர்ந்து நிற்கிறது. நடு வரிசையில் அதற்கு முன்னால் இன்னொரு விசை குறுக்கே வருகிறது. விண்டோஸின் அமெரிக்க ஆங்கில அமைப்பில் இவ்விரண்டு விசைகளும் பின்சாய்கோட்டையே தருகின்றன. பாமினியில் பின்சாய்கோடு என்பது ஷகரம். ஆக, என் விசைப்பலகையின் இரு கரையிலும் ஷகரம் காவல் நின்றது. பாமினியில் கு, து, மு, ரு போன்ற உகர எழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஷிப்ட் வேண்டும், தமிழில் அவை இல்லாமல் ஒரு வரி நகராது. ஷிப்டைத் தேடிய சின்னவிரல் ஒவ்வொரு முறையும் அந்த இடைச்செருகலை அழுத்த, குமார் என்று பெயர் கொண்டவர்கள் அனைவரும் 'ஷகமார்' ஆனார்கள். வசனத்தை முடித்து என்டரை எட்டினால் வரியின் கடைசியிலும் ஒரு ஷ. இதற்கு மருந்து எதுவும் இல்லை. சின்னவிரலை ஓர் அரை அங்குலம் கூடுதலாக நீட்டப் பழக்குவது ஒன்றே வழி. எனக்கு ஆறு வாரம் பிடித்தது. இப்போது என் மகளின் மடிக்கணினியில் தட்டும்போது அதே விரல் அளவுக்கு மீறி நீண்டு தடுமாறுகிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தொடர்மாடியின் மேல்தளத்தில், அரச திணைக்களமொன்றில் தமிழ்த் தட்டெழுத்தாளராக இருந்து இளைப்பாறிய அம்மையார் ஒருவர் வசிக்கிறார். ஒரு நாள் மாலை என் விசைப்பலகையைப் பார்க்க வந்தவர், ஜேர்மன் அமைப்பிலுள்ள ஒரு விசையை நான் பழுது என்று காட்டியபோது சிரித்தார். அந்த விசையை அழுத்தினால் திரையில் ஒன்றும் வராது. அடுத்த எழுத்தை அழுத்தியதும் அதன் தலையில் ஒரு சாய்ந்த கீற்று ஏறிக்கொண்டு வரும். “இது எங்கட பழைய மெசினில புள்ளி அடிக்கிற மாதிரித்தானே, தம்பி” என்றார் அவர். உண்மைதான். தமிழ்த் தட்டச்சுப் பொறியில் புள்ளியையும் இகரக் குறியான விசிறியையும் முதலில் தட்ட வேண்டும், தட்டும்போது தாள் நகராது. பின்னர் எழுத்தைத் தட்டினால் அது புள்ளியின் கீழ் வந்து அமர்ந்த பிறகே தாள் நகரும். இந்த நகரா விசை உத்தியைத் தமிழுக்குப் பொருத்தியவர் யாழ்ப்பாணம் சுண்டிக்குழியிற் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா. 247 எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைந்த விசைகளில் அடக்குவதற்கு அவர் கண்ட வழிகளுள் அதுவும் ஒன்று. அவருடைய பொறிகளைச் செய்து கொடுத்தது ஜேர்மனியின் சைடல் அன்ட் நௌமன் தொழிற்சாலை. ஜேர்மனியிலிருந்து வந்த விசைகளில் தமிழர் விரல் பழகுவது புதிய சங்கதியல்ல.

அந்த அம்மையார் சொன்ன இன்னொன்றை நான் அதற்குமுன் எண்ணிப் பார்த்ததில்லை. அவருடைய திணைக்களத்துக்குக் கணினி வந்தபோது, விசைகளில் தமிழ் எழுத்தே இல்லையே என்று எவரும் அழவில்லையாம். ய, ள, ன, க என்று பயிற்சி வகுப்பில் விரலுக்கு ஏற்றிய வரிசையே பாமினியிலும் இருந்ததால், ஆங்கில அச்சைக் காணாதவர்கள் போலத் தட்டத் தொடங்கினார்களாம். புள்ளியை எழுத்துக்கு முன்னன்றிப் பின்னே தட்ட வேண்டும் என்ற ஒன்றுதான் சில மாதம் கையைக் குழப்பியதாம். யோசித்துப் பாருங்கள்: கணினி வந்த நாளிலிருந்து நம்மில் பெரும்பாலோர் தமிழைத் தட்டுவது தமிழ் அச்சிடப்படாத விசைகளில்தான். 'த' வேண்டுமென்றால் ஜே என்று எழுதியிருக்கும் விசையையும், 'ம' வேண்டுமென்றால் கே என்று எழுதியிருக்கும் விசையையும் கண் கூசாமல் அழுத்துகிறோம். தலையில் ஒன்று எழுதியிருக்க, உள்ளே வேறொன்று இருப்பது நமக்கு அன்றாடம். அப்படிப்பட்டவர்களுக்கு ஆங்கில வையின் மேல் ஜேர்மன் இசட் அச்சிடப்பட்டிருப்பது மட்டும் ஏன் தாங்க முடியாத குழப்பமாக வேண்டும்?

என் தொழிலில் அந்த அச்சு பயனுமாயிற்று. ஜேர்மனியிலுள்ள கணவரிடமோ மனைவியிடமோ செல்வதற்கு விண்ணப்பிக்கும் குடும்பங்களின் பத்திரங்கள் என்னிடம் அடிக்கடி வருகின்றன. அங்குள்ள தெருப் பெயர்களிலும் குடும்பப் பெயர்களிலும் இரு புள்ளி உயிர்களும், இரட்டை எஸ் ஒலிக்குரிய அந்த வளைந்த எழுத்தும் நிறைய வரும். முன்பெல்லாம் அவற்றை இரண்டெழுத்தாகப் பிரித்து எழுதுவேன். அது அம்மொழியில் ஏற்கப்பட்ட வழக்கம் என்றாலும், கடவுச்சீட்டில் உள்ளவாறே வேண்டும் என்று கேட்பவர்களுக்கு வேறெங்கிருந்தாவது எழுத்தை வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. இப்போது கணினியில் ஆங்கிலத்தோடு ஜேர்மன் அமைப்பையும் சேர்த்து வைத்திருக்கிறேன். இடப்பக்க ஆல்ட், ஷிப்ட் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும். விண்டோஸ் விசை இல்லாத பலகையில் இதுவே இலகுவான வழி. தவறுதலாக மாறிவிட்டால் முதல் லகரத்திலேயே தெரிந்துவிடும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஓசை பெரிது. காலி வீதியில் இரவு கொத்துரொட்டி போடும் சத்தத்துக்கு இது குறைந்ததல்ல என்று பக்கத்து வீட்டார் சொல்லியனுப்பியதிலிருந்து, ஒன்பது மணிக்குப் பின்னர் மலிவான விசைப்பலகைக்கு மாறிக்கொள்கிறேன். கடற்கரை ஓரத்து உப்புக் காற்று எஃகு வில்லுக்கும் அடித்தகட்டுக்கும் பகை. வேலை முடிந்ததும் துணி போட்டு மூடுகிறேன். உள்ளே தகட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் தறைகள் வயதாகி உடைந்து உதிர்வது இந்த வகைக்கே உரிய நோய்; குலுக்கினால் இரண்டொன்று உருளும் ஓசை கேட்கிறது. மேலும் பல உதிருமானால் துளையிட்டுச் சிறு திருகாணிகள் பூட்ட வேண்டியிருக்கும்.

அந்த வாசகர் சொன்னவற்றுள் நான் ஏற்றுக்கொள்ளும் பாதி, சிறுவர்களைப் பற்றியது. எழுத்தைப் பார்த்து ஒற்றை விரலால் தேடித் தட்டும் வயதில், விசையின் தலை பொய் சொல்லக் கூடாது. ஆனால் அதற்காக முழுப் பலகையையும் வீச வேண்டியதில்லை. ஜேர்மன் பலகையில் இடம் மாறிய எழுத்துகள் இரண்டே. பிரெஞ்சுப் பலகையில் ஏ, கியூ ஒரு சோடி, இசட், டபிள்யூ ஒரு சோடி, எல் எழுத்துக்கு வலப்புறம் சென்றுவிட்ட எம் ஒன்று. இலக்கங்களுக்கு ஷிப்ட் அழுத்த வேண்டும் என்ற பிரெஞ்சு வழக்கம், ஆங்கில அமைப்பை வைத்தவுடன் தானாக மறைந்துவிடும். பெரும்பாலான பலகைகளில் விசைத் தலைகளைக் கழற்றி இடம் மாற்றலாம். சாதாரணப் பலகைகளில் வரிசைக்கு வரிசை தலைகளின் சாய்வு வேறுபடுவதால் மாற்றியவை சற்று எழும்பியோ பதிந்தோ நிற்கும். என்னுடைய வகையில் அடித்தகடே வளைந்திருப்பதால் எல்லா வரிசைத் தலைகளும் ஒரே வார்ப்பு. என் மருமகன் வையையும் இசட்டையும் இரண்டு நிமிடத்தில் மாற்றிக் காட்டினான், வித்தியாசமே தெரியவில்லை. ஜேர்மன் பத்திரங்களின் பொருட்டு நான்தான் அவற்றைப் பழையபடி வைத்துக்கொண்டேன். நிறுத்தற்குறிகளுக்கு ஒட்டுச்சீட்டு ஒட்டலாம், ஆனால் நம்முடைய வியர்வைக்கும் வெப்பத்துக்கும் மலிவான ஒட்டுச்சீட்டுகள் நீண்ட நாள் தாங்குவதில்லை.

மலையகத்தில் என் நண்பர் ஒருவர் கற்பிக்கும் பாடசாலைக்குப் பிரான்சிலிருந்து வந்த கணினிகளில், திரைகளும் பெட்டிகளும் கணினிக் கூடத்தில் இருக்க, பன்னிரண்டு விசைப்பலகைகள் மட்டும் பிரிக்கப்படாத பெட்டியோடு அலுமாரியின் மேல் கிடந்தன. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறிய 2022 ஆம் ஆண்டில், அவற்றுக்குப் பதிலாகப் புதியவை வாங்குவதற்குப் பெற்றோரிடம் பணம் சேர்த்திருக்கிறார்கள். மொழியமைப்பை ஆங்கிலத்துக்கு மாற்றினால் போதும் என்று அவர்களுக்குச் சொல்ல ஒருவர் இருக்கவில்லை. சென்ற மாதம் நண்பரும் நானும் அங்கு சென்று, ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து தலைகளைக் கழற்றிக் கழுவி இடம் மாற்றி அமைத்துவிட்டு வந்தோம். பன்னிரண்டில் இரண்டு பழுது, அவை பழுதானதற்கும் பிரெஞ்சு எழுத்துக்கும் தொடர்பில்லை. எலி வடத்தைக் கடித்திருந்தது.

எனவே அந்த வாசகருக்கு என் வேண்டுகோள்: தங்களிடமுள்ளவற்றைக் கழிக்குமுன் கணினியின் மொழியமைப்பை ஒரு முறை மாற்றிப் பாருங்கள், அதன் பின்னரும் வேண்டாமென்றால், பழுதான அந்த இரண்டுக்குப் பதிலாக அப்பாடசாலைக்குக் கொடுத்துவிடுங்கள், இப்பத்திரிகைக் காரியாலயத்தின் ஊடாக எனக்கு அறிவித்தால் நானே வந்து எடுத்துச் செல்வேன். ஆசிரியர் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. இக்கடிதமும் அந்த 1989 ஆம் ஆண்டு விசைப்பலகையிலேயே தட்டப்பட்டது. வரிகளின் கடைசியில் எங்கேனும் காரணமின்றி ஒரு ஷகரம் நிற்குமானால், அதை என் சின்னவிரலின் தவறாகக் கொண்டு, அச்சுக்குச் செல்லுமுன் நீக்கிவிடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
மொழிபெயர்ப்பாளர் ஒருவர்,
வெள்ளவத்தை,
கொழும்பு 06.